குடுத்துட்டு அடிக்கிற ஆட்டம்

சதுரங்கத்தில் இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுக்கிற தொடக்கம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு கிங்ஸ் காம்பிட் என்று பெயர். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவோம். எதிராளியும் அப்படியே தள்ளுவார். உடனே பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, வெட்டிக்கொள் என்று அவர் வாயருகே வைப்போம். வெட்டினால் அவருக்கு ஒரு சிப்பாய் லாபம். நமக்கு நடுப்பலகையும், எதிராளியின் ராஜாவை நோக்கித் திறந்த ஒரு பாதையும் கிடைக்கும். அந்தப் பாதையை வைத்துக்கொண்டு பிழைக்கத் தெரிந்தால் பிழைக்கலாம். தெரியாவிட்டால் இருபது நகர்த்தலுக்குள் வீட்டுக்குப் போகலாம். நானும் என் தோழியும் இதற்கு வைத்த பெயர் வேறு. குடுத்துட்டு அடிக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் கோலாலம்பூரில் ஒரு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர்களாக இருந்தோம். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காலை முழுவதும் ஈப்போவையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்துவிட்டு, மதியம் ஓய்வறைக்கு வந்தால் காது இரைந்துகொண்டே இருக்கும். யாரிடமும் பேசத் தோன்றாது. அப்போதுதான் அலுவலக விருந்து ஒன்றில் அவளுக்குக் குலுக்கலில் ஒரு பிளாஸ்டிக் சதுரங்கச் செட் விழுந்தது. பேசாமல் ஆடக்கூடிய விளையாட்டு என்பதாலேயே எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. பெட்டிக்குள் இருந்த விதிமுறைத் தாளை வைத்து ஆடக் கற்றுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையில் சதுரங்கத்துக்கென்று ஒரு பத்தி வரும். அதில் ஒரு வாரம் இந்தக் கிங்ஸ் காம்பிட் வந்திருந்தது. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு. எனக்கு ஏற்ற ஆட்டம் இதுதான் என்று அன்றே தெரிந்துவிட்டது.

அவளுக்குக் கறுப்பு பிடிக்கும். "நீ குடு, நான் வாங்கிக்கிறேன். அப்புறம் திருப்பிக் கேக்காதே" என்பாள். நான் கொடுப்பேன், அவள் வாங்குவாள். ஒரு சிப்பாயில் தொடங்கியது சில மாதங்களில் குதிரைவரை வந்துவிட்டது. அவள் தன் சிப்பாய்களை என் குதிரைமேல் ஓட்டிக்கொண்டு வருவாள். நான் குதிரையைக் காப்பாற்றாமல், ராஜாவைக் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு மதியத்துக்கு வாங்கிய தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பேன். அவள் குதிரையை வெட்டுவாள். என் ராணி, யானை, மந்திரி மூன்றும் அவள் ராஜாவைப் பார்த்துக் கிளம்பும். ஒரு நாள் நான் ஜெயிப்பேன், ஒரு நாள் அவள். அந்த மேசையில் நாங்கள் ஆடியதெல்லாம் இந்த ஒரே தொடக்கத்தைத்தான்.

பிறகு அவளுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து ஊரான கிள்ளானில், இந்தியர் கடைகள் நிறைந்த தெருவில், ஒரு சேலைக் கடை. அவள் வேலையை விட்டுவிட்டாள். போகும்போது சதுரங்கச் செட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனாள். எனக்கு என்னவோ அது அலமாரிமேல் ஏறித் தூசி படியும் என்றுதான் தோன்றியது. கடையைப் பார்க்க வேண்டும், மாமியாரைப் பார்க்க வேண்டும், சீக்கிரமே குழந்தையும் வந்தது. குழந்தையைப் பார்க்க ஒரு முறை போனேன். சுற்றிலும் உறவுக்காரர்கள். காய்ச்சலையும் பால்பவுடரையும் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

ஆட ஆள் இல்லாமல் எனக்குக் கை அரித்தது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் எங்கள் குடும்பம் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு கடைவீட்டு மாடியில், ஞாயிறு காலைகளில் சிலர் சதுரங்கம் ஆடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பத்துப் பன்னிரண்டு ஆண்கள். வங்கி குமாஸ்தா, ரயில் டிரைவர், இரண்டு மூன்று ஆசிரியர்கள். நான் படியேறி உள்ளே நுழைந்ததும் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "தண்ணி அங்க வச்சிடு தங்கச்சி" என்றார். கீழே காப்பிக் கடையிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"தண்ணி கொண்டு வரலண்ணே. ஆட வந்திருக்கேன்" என்றேன்.

அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். சிப்பாயைக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே எடுத்தார். குதிரையையும் கொடுத்தேன். சத்தமாகவே சிரித்தார். ரயில் ஒன்று அந்தக் கட்டடத்தையே அதிர வைத்துவிட்டுப் போனபோது அவருடைய ராஜா மூலையில் மாட்டியிருந்தது. அடுத்த வாரமே எனக்குத் தனியாக ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள்.

எங்கள் குழுவின் தலைவர் ஒரு பள்ளி ஆசிரியர். எல்லாரும் சார் என்றே கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் ஒரு சிப்பாய் போனால்கூட அவருக்குத் தாங்காது. என் ஆட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். கிள்ளான் குழுவோடு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் போட்டிக்கு என்னைக் கடைசிப் பலகையில், அதாவது ஐந்தாவதில், போட்டார். கிள்ளானுக்குப் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு மட்டும் அந்தக் காம்பிட் வேணாம்லா. ஒழுங்கா ஆடும்மா. போன வருஷம் கப் அவங்ககிட்ட போயிடுச்சு."

"ஒழுங்காத்தான் சார் ஆடுவேன்" என்றேன். அவரும் நானும் ஒழுங்கு என்று சொன்னது வேறு வேறு என்று இருவருக்குமே தெரியும்.

போட்டி ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். மாணவர் மேசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பலகைகளை வைத்திருந்தார்கள். கடிகாரம் முதல் மூன்று பலகைகளுக்குத்தான் இருந்தது. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இல்லை. கிள்ளான் குழுவின் தலைவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், வாட்டசாட்டமானவர். கையைத் தேய்த்துக்கொண்டே எங்கள் சாரிடம், "உங்க டீம்ல ஒரு லேடி இருக்காங்கன்னு சொன்னாங்க. இந்த வருஷம் எங்களுக்கும் ஒரு லேடி சேந்திருக்காங்க. ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டாச்சு, போஸ். அவங்களுக்கும் நல்லா இருக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என்ன நல்லா இருக்கும்? பூக்கட்டும் போட்டியா நடக்கிறது? யாராக இருந்தாலும் சரி, சீக்கிரம் முடித்துவிட்டு மற்றப் பலகைகளைப் பார்க்கப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்போது கதவருகே ஒரு குரல். "மன்னிக்கணும், பிள்ளைய அவங்க அப்பாகிட்ட விட்டுட்டு வர்றதுக்கு நேரமாயிடுச்சு."

என் தோழி. பின்னால் அவள் மாமியார், ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியர், இன்னொரு கையில் குடை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கட்டிப் பிடித்துக்கொண்டிருப்போம், ஆனால் சுற்றிலும் அத்தனை ஆண்கள், 'பாருங்கள், பெண்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்' என்று சொல்லக் காத்திருந்ததுபோல் நின்றார்கள். அவள் நேராக வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு சிப்பாய்களைக் கைகளில் மறைத்து நீட்டினாள். நான் தொட்ட கையில் வெள்ளை இருந்தது.

"பழையபடியே" என்றாள், உதடு மட்டும் அசையும்படி.

மாமியார் சுவரோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருமகளுக்குத் துணையாக வந்திருக்கிறார், பாவம், எவ்வளவு நேரம் இப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நகர்த்தல்களை நாங்கள் யோசிக்கவே இல்லை. சிப்பாய், சிப்பாய். கொடுத்தேன், வாங்கினாள். என் குதிரை வந்தது, அவள் சிப்பாய் ஓடி வந்தது. மந்திரி வந்தது, சிப்பாய் குதிரைமேல் பாய்ந்தது. நான் ராஜாவைக் கோட்டைக்குள் வைத்தேன், அவள் குதிரையை வெட்டினாள். இரண்டு வருஷம் பேசாமல் இருந்ததை எல்லாம் இரண்டு நிமிஷத்தில் பேசித் தீர்த்ததுபோல் இருந்தது. பக்கத்துப் பலகைக்காரர் திரும்பிப் பார்த்தார். என் பின்னால் சார் பெருமூச்சு விட்டது கேட்டது.

பிறகு அவள் ராணி வெளியே வந்து நடுப்பலகையில் என் இன்னொரு சிப்பாயையும் விழுங்கியது. இந்த இடத்துக்கு எத்தனையோ மதியங்கள் வந்திருக்கிறோம். இங்கே நான் எப்போதும் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, மெதுவாகப் படையைத் திரட்டுவேன். அதற்கு அவளுடைய பதில்கள் எல்லாம் எனக்குத் தெரியும். என்னுடையவை அவளுக்கும் தெரியும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் கல்யாணமாகிப் போன பிறகு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புதிதாக வாங்கிய பலகையில் இந்த இடத்தைத் தனியாக வைத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். அவளுடைய கறுப்புக் காய்களையும் நானே நகர்த்துவேன். அப்படிப் பார்க்கும்போது ஒரு நாள் பிடிபட்டது: குதிரை போனால் போகட்டும், மந்திரியையும் கொடுத்தால் என்ன? ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் சிப்பாயை மந்திரியால் வெட்டி 'செக்' சொன்னால், அவள் ராஜா வெளியே வந்துதான் மந்திரியை எடுக்க வேண்டும். வந்தால் என் ராணிக்கும் யானைக்கும் நேர் எதிரே, திறந்த வெளியில் நிற்கும். உலகத்திலேயே நான்தான் கண்டுபிடித்தேன் என்று அன்றைக்குத் தூக்கமில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் என் பாட்டன் காலத்துக்கு முன்பே ஆடிய ஆட்டம் அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்தபோது வருத்தமில்லை. நான் யாரிடமும் கேட்டுக் கற்கவில்லை.

மந்திரியை எடுத்து அந்தச் சிப்பாய்மேல் வைத்தேன். "செக்."

சுவரோரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "அடியாத்தே, அதையுமா குடுத்துட்டா!"

மாமியார் எழுந்து நின்றிருந்தார். கேரியர் நாற்காலியில் இருந்தது. அறையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். என் தோழி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அத்தை, பேசக் கூடாது" என்றாள்.

"நான் எங்க பேசுனேன்? சும்மா சொன்னேன்" என்று அவர் உட்கார்ந்தார். ஆனால் இந்த முறை நாற்காலியை எங்கள் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆட்டம் தெரியாதவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வராது. அலமாரிமேல் ஏறவில்லை அந்தச் செட். சேலைக் கடையில் மதிய வெயிலில் ஆள் வராத நேரமெல்லாம் மாமியாரும் மருமகளும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பலகையை விரித்திருக்கிறார்கள். என் தோழி இந்த இரண்டு வருஷமும் என்னைவிட அதிகமாகவே ஆடியிருக்கிறாள். இவளுக்குக் கை மறந்திருக்கும் என்று நான் எண்ணியிருந்தது எவ்வளவு அசட்டுத்தனம்! பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

அவள் பதறவே இல்லை. ராஜாவால் மந்திரியை எடுத்தாள். நான் இன்னொரு சிப்பாயையும் வீசினேன், அதையும் 'செக்' சொல்லிக்கொண்டே எடுத்தாள். என் இன்னொரு மந்திரி குறுக்கே வந்து மறைத்தது. அவள் ராணி பின்வாங்கி, தன் ராஜாவுக்கு முன்னால் கதவுபோல் நின்றது. என் மந்திரி ஒரு கட்டம் முன்னேறி அங்கே இருந்த அவள் சிப்பாயை வெட்டி, என் ராணிக்கு முன்னால் நின்றது. என்னிடம் இரண்டு காய்கள் குறைவு. அவளிடம் யானைகளும் ஒரு மந்திரியும் குதிரைகளும் பிறந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவ்வளவுதான் கணக்கு. வேகமா, செல்வமா என்பதுதான் கேள்வி.

அதற்குள் மற்ற ஆட்டங்கள் முடிந்துவிட்டன. முதல் பலகையில் எங்கள் சார் கிள்ளான் தலைவரை வென்றிருந்தார். ஆளுக்கு இரண்டு வெற்றி. ஐந்தாவது பலகை மட்டும் பாக்கி. சமமாக முடிந்தால் கோப்பை போன ஆண்டு வென்றவர்களிடமே இருக்கும் என்பது விதி. அதாவது இந்த ஆட்டம் டிரா ஆனாலே கிள்ளானுக்குப் போதும். எங்களைப் பூக்கட்டும் போட்டிக்குப் போட்டதுபோல் போட்டுவிட்டுப் போனவர்கள் எல்லாரும் இப்போது எங்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். ரயில் டிரைவர் அண்ணன் மேசைமேலேயே ஏறி நின்றார்.

கிள்ளான் தலைவர் என் தோழியின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார். அவள் தலையைத் தூக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்:

"எங்க கேப்டன் டிரா கேக்கச் சொல்றாரு. நான் கேக்கப் போறதில்ல."

"கேட்டாலும் நான் குடுத்திருக்க மாட்டேன்" என்றேன்.

"தெரியும்."

தலைவர் முகம் சிவந்து நிமிர்ந்தார். மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அவள் ஒரு குதிரையை வெளியே கொண்டுவந்தாள். நான் என் மிச்சமிருந்த குதிரையை நடுப்பலகையில், அவள் ராணியைத் தாக்கும்படி வைத்தேன். ராணி ஓடியாக வேண்டும். அவள் வெகுநேரம் யோசித்தாள். வெளியே தெருவில் ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு போனான். கடைசியில் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். ராணியைத் தூரமாக நடுவில் கொண்டுபோய் வைத்து என் ராஜாவுக்கு 'செக்' சொன்னாள். நியாயமான யோசனை. நான் ராஜாவை நகர்த்த ஒரு நகர்த்தலைச் செலவழிப்பேன், அதற்குள் அவள் மூச்சுவிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ராணி கதவாக நின்ற இடம் இப்போது காலி. நான் ராஜாவைத் தொடவில்லை. மந்திரியை ஒரு கட்டம் பின்னால் இழுத்து 'செக்'கை மறைத்தேன். மந்திரி விலகியதும் பின்னால் இருந்த என் ராணியின் பார்வை நேரே அவள் ராஜாமேல் விழுந்தது. மறைத்த அதே நகர்த்தலில் அவளுக்குச் 'செக்'. மறைத்த அதே மந்திரி அவள் ராணிக்கும் எதிரே நிற்கிறது.

நான் வாய் திறப்பதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். "அட!" என்றாள். அப்புறம் சிரித்தாள். ஓய்வறையில் சிரிப்பாளே, தோள் குலுங்க, அதே சிரிப்பு. "இது எப்போ கத்துக்கிட்டே?"

"நீ போன பிறகு."

ராணி போன பிறகும் அவள் விடவில்லை. ராணிக்கு விலையாக என்னிடம் இன்னும் காய்களை வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்த்தால் யாருக்கு லாபம் என்று சொல்ல முடியாத நிலைதான். ஆனால் அவள் ராஜா வெளியில் நின்றது, காப்பாற்ற வேண்டிய யானைகள் மூலையில் தூங்கின. என் இரண்டு யானைகளும் திறந்த பாதைகளில் வந்து நின்றதும் அவள் ராஜாவை மெதுவாகப் படுக்க வைத்து எழுந்து கை கொடுத்தாள். கையோடு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். யார் என்ன நினைத்தால் என்ன?

கிள்ளான் தலைவருக்குத்தான் ஆறவில்லை. "டிரா கேட்டிருந்தா கப் நமக்குத்தான்லா! சொன்னா கேக்கணும்ல?"

மாமியார் கேரியரை எடுத்துக்கொண்டே, "தம்பி, நீங்க மொதப் போர்டுல தோத்தீங்க. அதுக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாங்களா?" என்றார். தலைவருடைய குழுவினரே சிரித்துவிட்டார்கள். அவரும் கடைசியில் சிரித்தார். போய் எங்கள் சாரிடம் கோப்பையைக் கொடுத்தார்.

எங்கள் குழு பஸ்ஸுக்குக் கிளம்பியது. நான் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுத் தோழியோடு கடைக்குப் போனேன். கேரியரில் இருந்த புளிச்சோற்றை மூவரும் சேலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்தால் மாமியார் பலகையை விரித்து, எனக்கு வெள்ளைக் காய்களைத் திருப்பி வைத்திருந்தார்.

"எனக்கும் ஒண்ணு ஆடிக் காட்டு. இவ உன்னப்பத்தியே பேசிப் பேசி எனக்குக் காது புளிச்சிடுச்சு."

ராஜாவின் சிப்பாயைத் தள்ளினேன். அவரும் தள்ளினார். பக்கத்துச் சிப்பாயைத் தள்ளி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொடவே இல்லை. மந்திரியைத் தூக்கிக் குறுக்கே நீளமாகக் கொண்டுவந்து வைத்தார்.

"எடுக்கலியா அத்தை?"

"நான் முப்பது வருஷமா யாவாரம் பண்றேன், புள்ள. சும்மா குடுக்கிறத வாங்குனா நான் எப்பவோ கடைய மூடியிருப்பேன்."

அவருடைய மந்திரி, என் ராஜா கோட்டைக்குப் போகிற வழியை அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. இதுவரை என்னிடம் யாருமே வாங்காமல் இருந்ததில்லை. வாங்கியதை வைத்துத்தான் என் ஆட்டமே. அன்று அந்தக் கல்லாப்பெட்டி ஓரத்தில் நான் தட்டுத் தடுமாறி, நகர்த்துவதற்கு ஒன்றும் இல்லாமல் விழித்ததைப் பார்த்துத் தோழி துணி மடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு சிரித்தாள். பட்டுச் சேலை கேட்டு ஒரு கல்யாண வீட்டார் வந்து நுழைந்திருக்காவிட்டால் நான் அன்று தோற்றுத்தான் பஸ் ஏறியிருப்பேன்.

அடுத்த ஆண்டு போட்டிக்கு முன்னால் நான் சாரிடம், "என்னை இரண்டாவது பலகையில் போடுங்கள்" என்று கேட்டேன். கெஞ்சவில்லை, கேட்டேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சரி என்றார். கிள்ளானில் என் தோழியும் அதையே கேட்டிருக்கிறாள். அவள் தலைவர் எதிர்ப்பே சொல்லவில்லையாம். நாங்கள் அப்படி ஆண்டுக்கு ஒரு முறை ஒருவருக்கொருவர் எதிரே உட்கார்ந்தோம். சில ஆண்டுகள் கழித்து அவள்தான் கிள்ளான் குழுவின் தலைவி. குழுவை அழைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக்கு அவள் முதல் முறை வந்தபோது பின்னால் மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்தி அவளுடைய நாத்தனார், இன்னொருத்தி கடையில் வேலை செய்கிற பெண், மூன்றாவது அவள் மாமியார். மூவரும் ஆட வந்திருந்தார்கள். நான் கீழே போய்க் காப்பிக் கடையில் எல்லாருக்கும் தேத்தண்ணி சொல்லிவிட்டு, மேலே வந்து பலகைகளை அடுக்கினேன்.